சென்னை–துபாய் 2,933 கிலோமீட்டர்: பறக்கும் நேரம் மட்டும் ஏன் ஆளுக்கொரு கணக்கு?

கேள்வி இதுதான். தண்டையார்பேட்டையிலிருந்து அம்மா முதல் தடவையாக விமானம் ஏறி, துபாயில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். இணையத்தில் ஒரு தளம் தூரம் 2,933 கிலோமீட்டர், நேரம் 4 மணி 9 நிமிடம் என்கிறது. இன்னொன்று தூரத்தை 1,584 என்று போட்டு, 3 மணி 39 நிமிடம் என்கிறது. டிக்கெட்டைப் பார்த்தால் சென்னையில் அதிகாலை 3:40-க்குக் கிளம்பி துபாயில் 6:30-க்கு இறங்குகிறது; கழித்தால் 2 மணி 50 நிமிடம்தான் வருகிறது. திரும்பும்போது மதியம் 2:45-க்குக் கிளம்பி இரவு 8:10-க்கு வருகிறது, அதாவது 5 மணி 25 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம், எதை நம்புவது, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

நான் ராயபுரத்துக்காரன். விமானம் கிளம்பும் முன் அது எந்த வழியில், எந்த உயரத்தில் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் டிஸ்பேச் பிரிவில் பல வருடம் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரமாக விடை வேண்டுமென்றால்: போக 4 மணி 20 நிமிடம், வர 3 மணி 55 நிமிடம். உங்கள் டிக்கெட்டுக்குள்ளேயே அது இருக்கிறது. நீங்கள் பார்த்த மற்ற எண்களும் தப்பில்லை, ஒவ்வொன்றும் வேறு எதையோ அளக்கிறது.

முதலில் கடிகாரத்தை முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. போகும்போது 2:50-உடன் 1:30 கூட்டுங்கள், 4:20. வரும்போது 5:25-இல் 1:30 கழியுங்கள், 3:55. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சென்னை கிழக்கு 80 பாகையில், துபாய் 55 பாகையில். 25 பாகை இடைவெளிக்குச் சூரியக் கணக்கில் சுமார் 1 மணி 40 நிமிடம் வரவேண்டும். இரண்டு நாடுகளும் தங்கள் வசதிக்கு நேரத்தை வைத்துக்கொண்டதால் அது ஒன்றரை மணியாக நிற்கிறது. நம் ஊருக்கே ஒரு காலத்தில் தனி நேரம் இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். 1856-இல் திறந்த எங்கள் ராயபுரம் ஸ்டேஷனில் கடிகாரம் ஓடிய காலம் அது. இந்தியா முழுவதற்கும் ஐந்தரை மணி என்ற ஒரே நேரம் 1906-இல்தான் வந்தது.

சரி, தூரத்துக்கு வருவோம்.

2,933 கிலோமீட்டர் என்பது மீனம்பாக்கத்திலிருந்து துபாய் விமான நிலையத்துக்குப் பூமியின் வளைவை ஒட்டி இழுத்த மிகக் குட்டையான கோடு. பூமி உருண்டை மேல் ஒரு நூலை இரண்டு ஊரிலும் பிடித்து இறுக்கினால் எப்படிக் கிடக்குமோ அந்த வழி. தட்டையான வரைபடத்தில் பார்த்தால் அது வடக்குப் பக்கம் லேசாக வளைந்து தெரியும். துபாய்க்கு அந்த வளைவு கண்ணில் படாத அளவுதான். சென்னையிலிருந்து லண்டன் 8,230 கிலோமீட்டர்; அதில் வளைவு நன்றாகவே தெரியும். இதே 2,933-ஐ விமானத் துறையில் கடல் மைலில் சொன்னால் 1,584, சாதாரண மைலில் சொன்னால் 1,822. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நீங்கள் பார்த்த இரண்டாவது தளம் அலகைப் போடாமல் விட்டதுதான் குழப்பம். சில தளங்கள் விமான நிலையத்தை விட்டுவிட்டு ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளக்கும். அதனால் பத்து இருபது கிலோமீட்டர் முன்னே பின்னே வரும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

ஆனால் எந்த விமானமும் அந்தக் கோட்டின் மேலேயே போவதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் காக்கை பறக்கும் தூரத்தில் சுமார் 20 கிலோமீட்டர். மெட்ரோவிலோ காரிலோ போனால் 25-க்கு மேல் ஆகிறது, ஏனென்றால் நடுவில் ஊர் இருக்கிறது. வானத்திலும் அப்படித்தான். ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, வகுத்துவைத்த வழியில் திரும்பி, பெயர் வைத்த புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு, கடைசியில் இறங்கும் வரிசையில் போய் நிற்க வேண்டும். சென்னை–துபாய் வழியில் விமானம் ஆந்திர, கர்நாடகப் பக்கமாக வடமேற்கே ஏறி, கொங்கண் கரையைத் தாண்டி, அரபிக்கடலைக் குறுக்கே வெட்டி, ஓமன் பக்கம் நுழையும். எல்லாம் சேர்த்து உண்மையில் பறக்கும் தூரம் 3,050 கிலோமீட்டர் பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தளங்கள் நேரத்தை எங்கிருந்து எடுக்கின்றன? பெரும்பாலும் எங்கிருந்தும் எடுப்பதில்லை. தூரத்தை மணிக்கு 805 கிலோமீட்டர், அதாவது 500 மைல், என்ற ஒரே வேகத்தால் வகுத்துவிடுகின்றன. 2,933-ஐ 805-ஆல் வகுத்தால் 3 மணி 39 நிமிடம். சில தளங்கள் ஏறவும் இறங்கவும் என்று அரை மணி சேர்க்கும், அப்போது 4 மணி 9 நிமிடம். உங்கள் இரண்டு விடையும் வந்த வழி இதுதான். இந்தக் கணக்குக்குக் கிழக்கும் தெரியாது மேற்கும் தெரியாது, ஜனவரியும் ஜூலையும் ஒன்று. சென்னையிலிருந்து டெல்லி எட்டும் தூரமா, ஆஸ்திரேலியா எவ்வளவு தொலைவு என்று பொதுவாகத் தெரிந்துகொள்ள இது போதும். ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கு இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

டிக்கெட்டில் இருக்கும் 4:20 பறக்கும் நேரமும் இல்லை என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சென்னையில் சக்கரக் கட்டையை எடுத்து விமானம் பின்னால் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, துபாயில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரைக்குமான நேரம் அது. பின்னால் தள்ளி, இன்ஜின் ஓடவிட்டு, ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போய், வரிசையில் நிற்பதற்கே 10, 15 நிமிடம் ஆகும். துபாய் பெரிய நிலையம். இறங்கிய பிறகும் ஊர்ந்து ஊர்ந்து போகும். இதற்கு மேல் விமான நிறுவனம் கொஞ்சம் கைக்காவலும் சேர்த்து வைக்கும். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கே வந்து சேர்வது அதனால்தான். பைலட் விரட்டி ஓட்டினார் என்று பாராட்டுவார்கள். வேகத்தைக் கூட்டி மிச்சம் பிடிப்பது இந்தத் தூரத்தில் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போகாது, எரிபொருள்தான் கூடக் குடிக்கும்.

நாங்கள் போடும் கணக்கைத் தோராயமாகக் காட்டுகிறேன். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரி விமானம் மேலே மணிக்கு 840 கிலோமீட்டர் பக்கம் போகும். காற்றே இல்லாத நாளில் 3,050 கிலோமீட்டரை 840-ஆல் வகுத்தால் 3 மணி 38 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு ஒரு 10 நிமிடம். தரையில் ஊர்வதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து 25. மொத்தம் 4 மணி 13 நிமிடம். இப்போது எதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வையுங்கள்: 780-ஆல் வகுக்க வேண்டும், மொத்தம் 4 மணி 30 நிமிடம். அதுவே பின்னாலிருந்து 80 கிலோமீட்டர் காற்று தள்ளினால் 920, மொத்தம் 3 மணி 54 நிமிடம். உங்கள் டிக்கெட்டின் 4:20-உம் 3:55-உம் எங்கிருந்து வந்தன என்று தெரிகிறதா? தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

பைலட் கையில் கொடுக்கும் பறப்புத் திட்டத் தாளில் இதற்கென்றே ஒரு வரி இருக்கும்: வழி முழுவதற்குமான சராசரிக் காற்று. எம் என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் எதிர்காற்று, பி என்று இருந்தால் பின்காற்று. எம் 035 என்றால் சராசரியாக 35 நாட், அதாவது மணிக்கு 35 கடல் மைல், எதிர்காற்று; கிலோமீட்டரில் மணிக்கு 65. தாள் பல பக்கம் ஓடும்: புள்ளிக்குப் புள்ளி நேரம், மிச்ச எரிபொருள், துபாயில் இறங்க முடியாவிட்டால் ஷார்ஜாவா அபுதாபியா என்ற மாற்று ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. அனுபவப்பட்ட கேப்டன்கள் கண் முதலில் போவது இந்தச் சராசரிக் காற்று வரிக்கும் எரிபொருள் வரிக்கும்தான்.

இந்தக் காற்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன். காரணம், பூமி சுற்றுவதால் மேற்கே போனால் சீக்கிரம் போகலாம் என்று ஒரு கதை காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விமானம் மேலே நிற்க, கீழே துபாய் தானாகச் சுழன்று வந்துவிடுமாம். சென்னை இருக்கும் இடத்தில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கு நோக்கி ஓடுகிறது, உண்மைதான். ஆனால் காற்று மண்டலமும் அதனுடனேயே ஓடுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் ஓடுகிறது. அந்தக் கதை உண்மையாக இருந்தால் துபாய்க்குப் போகும் நேரம்தான் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் டிக்கெட்டிலேயே அது தலைகீழாக இருக்கிறதே.

நடப்பது என்னவென்றால், டிசம்பரிலிருந்து மார்ச் வரை வட இந்தியா, அரபு நாடுகளுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடும். ஜெட் ஓட்டம் என்பார்கள். நடுப்பகுதியில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். துபாய் வடக்கு 25 பாகையில் இருக்கிறது, இந்த ஓட்டத்தின் வழியிலேயே. சென்னை 13 பாகையில், அதற்கு வெகு தெற்கே. அதனால் குளிர்காலத்தில் துபாய் போகும் விமானம் முதல் பாதியில் சுகமாகப் போய், அரபிக்கடலைத் தாண்டத் தாண்ட எதிர்காற்றில் மாட்டும். திரும்பும் விமானம் கிளம்பியதுமே அந்தக் காற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும். முன்சீட்டின் திரையில் தரைவேகம் என்று ஒரு எண் ஓடும். ஜனவரியில் திரும்பும்போது மஸ்கட் தாண்டும் நேரத்தில் அதைப் பாருங்கள், மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தொட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் கதையே மாறிவிடும். அந்த மேற்குக் காற்றாறு இமயமலைக்கு வடக்கே போய்விடும். அதற்குப் பதிலாக நம் தலைக்கு மேலே, தென்னிந்தியா முழுவதும், கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு ஓட்டம் கிளம்பும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கீழே மேற்குக் காற்று அடிக்க, மேலே நேர் எதிராகக் கிழக்குக் காற்று. இந்தக் கிழக்கு ஜெட் ஓட்டத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1958-இல் கட்டுரை எழுதியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். பிற்பாடு இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். அந்த ஓட்டத்தின் மையம் கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகை. மீனம்பாக்கத்திலிருந்து தினம் காலையும் மாலையும் கருவி கட்டிய பலூன் விடுகிறார்கள். மேலே காற்று எந்தப் பக்கம் எவ்வளவு என்று அது சொல்லிக்கொண்டே போகும். கிழக்கு ஓட்டத்தின் உச்ச வேகம் விமானங்கள் போகும் உயரத்துக்கு இன்னும் மேலே இருந்தாலும், அதன் அடிப்பகுதி நமக்கு நன்றாகவே படும். அதனால் ஆடி மாதத்தில் துபாய்க்குப் போகும்போது முதல் பாதியில் பின்காற்று கிடைக்கும், திரும்பும்போது கடைசிப் பாதியில் அதே காற்று எதிரே வரும். போக வர வித்தியாசம் சுருங்கிவிடும், சில நாள் தலைகீழாகவும் ஆகும். அம்மா ஜனவரியில் போகிறாரா ஜூலையில் போகிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. டிக்கெட்டில் போக வர 25 நிமிடம் வித்தியாசம் போட்டிருப்பதைப் பார்த்தால் குளிர்காலம் என்று ஊகிக்கிறேன்.

சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,924 கிலோமீட்டர். துபாய்க்கும் இதற்கும் 9 கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஒன்று வடமேற்கே, இன்னொன்று தென்கிழக்கே. கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம் என்று விதி போட்டுக்கொண்டால் சிங்கப்பூருக்குப் போவது வேகமாக இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த மேற்குக் காற்றாறு அங்கே எட்டாது. அங்கே மேலே இருப்பதும் பெரும்பாலும் கிழக்குக் காற்றுதான், பருவமழைக் காலத்தில் அது வலுக்கும். அதனால் சிங்கப்பூர் போகத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம், திரும்பி வரக் குறைவு. அங்கே நேர வித்தியாசம் இரண்டரை மணி, அதுவும் நமக்கு முன்னால், அதனால் டிக்கெட்டைக் கழித்துப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் பெரியது. போவது ஏழு மணி நேரப் பயணம் என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே யாராவது கிழக்கு, மேற்கு என்று பொதுவாக விதி சொன்னால் எந்த ஊருக்கு, எந்த மாதம் என்று திருப்பிக் கேளுங்கள்.

விமானத்தின் வகையும் ஒரு காரணம்தான், ஆனால் நினைக்கும் அளவு இல்லை. போயிங் 777 போன்ற பெரிய விமானம் மேலே மணிக்கு 895 கிலோமீட்டர் பக்கம் போகும். சின்ன விமானத்துடன் ஒப்பிட்டால் துபாய் வழியில் மிச்சமாவது சுமார் 13 நிமிடம். பெரிய விமானத்தில் ஏறவும் இறங்கவும் ஆட்கள் அதிகம், பெட்டி அதிகம். அந்த 13 நிமிடம் பெட்டி வரும் பட்டைக்கு முன்னால் கரைந்துபோகும். நேரத்துக்காக இதைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டாம், கால் நீட்ட இடம் எதில் அதிகம் என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், வானம் மூடுவது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது எங்கள் பகுதியிலும் பலர் பதறினார்கள். டெல்லி–துபாய் 2,185 கிலோமீட்டர்தான், நம்மைவிடப் பக்கம். ஆனால் அதன் நேர்வழி பாகிஸ்தான் மேலேதான் போகிறது, அதனால் டெல்லியிலிருந்து கிளம்பும் இந்திய விமானங்கள் தெற்கே குஜராத் வழியாக வந்து அரபிக்கடலைச் சுற்ற வேண்டியிருந்தது. சென்னை–துபாய் வழி முதலிலிருந்தே தெற்கே கடல் மேலே இருக்கிறது, அதனால் அந்தத் தடை இதன் குறுக்கே வரவில்லை. வளைகுடாப் பக்கமே சண்டை வந்து வானம் மூடினால் அது வேறு கதை. அப்போது எல்லாக் கணக்கும் போச்சு, விமான நிறுவனத்தின் செய்தியைப் பார்ப்பது தவிர வழியில்லை.

சென்னைக்குள்ளேயே பத்து நிமிடம் கூடும் குறையும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். அதன் ஒரு முனைக்கு 07 என்றும் மறு முனைக்கு 25 என்றும் பெயர். திசைகாட்டியின் 70 பாகை, 250 பாகை. விமானம் முடிந்தவரை காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், துபாயிலிருந்து வரும் விமானம் நேராக வந்து இறங்க முடியாது. நகரத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போய், திரும்பி, கிண்டிப் பக்கமாக வந்து இறங்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து வந்த வாக்கிலேயே இறங்கிவிடலாம். வடக்கே நம் பக்கம் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. பல்லாவரம், பம்மல்காரர்களைக் கேட்டால் மாதத்தையே சொல்லிவிடுவார்கள்.

போகி அன்று விடியற்காலை பயணம் என்றால் மட்டும் தனியாக யோசியுங்கள். நம் தெருக்களில் எரிக்கும் டயரும் பழைய பாயும் பனியோடு சேர்ந்து ஊர் முழுவதும் புகையாக நிற்கும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் விமானங்கள் மணிக்கணக்கில் காத்திருந்த, வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்ட வருடங்கள் உண்டு. துபாயிலும் குளிர்கால விடியலில் மூடுபனி பிடிக்கும். 4:20 என்று அச்சடித்ததெல்லாம் அன்றைக்குச் செல்லாது.

இனி வீட்டிலிருந்து கிளம்பும் நேரம். வடசென்னைக்காரர்களுக்கு இதுதான் பயணத்தின் கடினமான பகுதி என்பேன்.

முதலில் தேதி. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 3:40 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவது 11-ஆம் தேதி இரவு. இதில் ஏமாந்து, 12-ஆம் தேதி இரவு பெட்டியும் கையுமாக வந்து நின்ற குடும்பங்களை நான் கவுன்டர் பக்கம் பார்த்திருக்கிறேன். அம்மாவின் டிக்கெட்டை எடுத்து, காலண்டரில் 11-ஆம் தேதித் தாளில் பேனாவால் எழுதி வையுங்கள்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். பெட்டி போடும் கவுன்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள், அதாவது 2:40. முதல் தடவை போகும் வயதானவர் என்பதால் மூன்று மணி நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்: 12:40-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். குடியேற்றச் சோதனை வரிசையில் நள்ளிரவுக்குப் பிறகுதான் கூட்டம். வளைகுடா போகும் விமானங்கள் பலவும் அந்த நேரத்தில்தான் அடுத்தடுத்துக் கிளம்பும். நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 2. டிரைவர் தெரியாமல் உள்நாட்டு டெர்மினலில் இறக்கிவிட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

மெட்ரோ தண்டையார்பேட்டையிலிருந்து நேராக விமான நிலையம் வரை போகிறது, வண்டி மாற வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு நம் பக்கத்துக்குக் கிடைத்த பெரிய வசதி இது. ஆனால் இரவு 11 மணிவாக்கில் மெட்ரோ ஓய்ந்துவிடும். 3:40 விமானத்துக்கு மெட்ரோ என்றால் பத்து, பத்தேகாலுக்கே ஏறி, நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். பெரிய பெட்டி இரண்டோடு அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம், காரிலேயே போங்கள். 11:15-க்குக் கிளம்பினால் போதும். இரவில் அண்ணா சாலை காலியாக இருக்கும். பிரச்சினை நம் வாசலில்தான். பகலில் ஊருக்குள் விடாத கனரக வண்டிகளை இரவில் விடுவார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை எண்ணூர் நெடுஞ்சாலையிலும் காசிமேடு, ராயபுரம் பக்கமும் நின்றுவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி ஆகும். கடற்கரைப் பக்கம் போகாமல் உள்வழியாகப் பேசின் பிரிட்ஜ் பிடித்து சென்ட்ரலுக்கு வந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையாக இருந்தால் இன்னும் அரை மணி சேருங்கள். வியாசர்பாடி கணேசபுரம் மாதிரிச் சுரங்கப்பாதைகளை அன்றைக்கு நம்பவே கூடாது.

விமானத்தில் ஏறியதும் அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரை போடும் நேரம் நம் ஊர்க் கணக்கிலேயே ஓடட்டும். துபாயில் 6:30 என்றால் அவர் கையில் 8:00 காட்டும், காலை மாத்திரைக்குச் சரியான நேரம்.

திரும்பி வரும்போது 8:10 என்பது விமானம் வந்து நிற்கும் நேரம். அம்மா வெளியே வர 9 மணியாவது ஆகும். குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் இருக்கிறது. பின்காற்று நன்றாக இருந்தால் 7:50-க்கே இறங்கியும்விடலாம், அதனால் கிளம்பும் முன் விமான எண்ணைப் போட்டு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வரவேற்கப் போகிறவர் 7:30-க்குத் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் போதும். பெட்டி சின்னதாக இருந்தால் இருவரும் மெட்ரோவிலேயே திரும்பலாம், கடைசி வண்டிக்கு அப்போது இன்னும் நேரம் இருக்கும்.